வெள்ளை கட்டிய கல்யாண வீடு

ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஓட்டோக்காரர் றேடியோவை நிற்பாட்டினார்.

அதுவரைக்கும் நல்ல குத்துப் பாட்டு. கோண்டாவிலில் இருந்து அந்த மனிதர் ஹாண்டிலில் தாளம் போட்டுக்கொண்டே வந்தவர். திடீரென்று ஓட்டோவுக்குள் ஒரு மயான அமைதி. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அக்கா, உங்களுக்கு நெருக்கமான ஆக்களோ?”

“ஓம். என்ரை தம்பியின்ரை வீடு.”

தலையை மெல்ல ஆட்டினார். இறங்கி என் பையைத் தானே தூக்கிக்கொண்டு படலை வரைக்கும் வந்தார். போகும்போது, “உள்ளை போறதுக்கு முதல் ஒரு தேத்தண்ணியாவது குடியுங்கோ அக்கா. பிறகு உங்களுக்கு ஒண்டும் வாயிலை வைக்கேலாது” என்றார். நல்ல மனிதர். இப்படி அக்கறையாக யார் பேசுகிறார்கள் இந்தக் காலத்தில்?

ஒரேயொரு சிக்கல். நான் போனது என் தம்பி மகளின் கல்யாணத்துக்கு. மறுநாள் காலை முகூர்த்தம்.

ஓட்டோக்காரரில் பிழையில்லை. உரும்பிராயில் அந்த ஒழுங்கை முகப்பில் இருந்து வீட்டுப் படலை வரைக்கும், லைட் போஸ்ட்டுக்கு லைட் போஸ்ட் வெள்ளைத் துணி. நடுவில் நடுவில் வெள்ளை ரிபன். படலையில் வெள்ளை. பந்தல் முழுக்க வெள்ளை. எங்கள் பக்கத்தில் ஒழுங்கை முகப்பில் இருந்து வெள்ளை கட்டினால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: செத்த வீடு. சைக்கிளில் வருகிறவர் இறங்கி உருட்டுவார். மோட்டார் சைக்கிளில் வருகிற பெடியன் ஹோர்ன் அடிக்க மாட்டான். மாப்பிள்ளை, பொம்பிளை ஊர்வலம் என்றால் அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காது.

இது உரும்பிராயில் எல்லோருக்கும் தெரியும். மணப்பெண்ணைத் தவிர.

மணப்பெண் ஆரணி, என் தம்பியின் ஒரே மகள். கொழும்பில் கம்ப்யூட்டர் வேலை. அவளுடைய சிநேகிதிகள் எல்லாம் கடற்கரை ஹோட்டல்களில் கல்யாணம் செய்கிறவர்கள். அவள் “ஹோம் வெடிங்” என்று வீட்டு முற்றத்துக்கே இறங்கி வந்ததில் நாங்கள் எல்லோரும் உருகிப்போனோம். வேர்களை மறக்காத பிள்ளை... பிறகுதான் தெரிந்தது, வேர்களுக்கும் ஒரு தீம் இருக்கிறதாம். “மினிமல் வைட்.”

“மாமி, கலர் கலரா வைச்சால் ஃபோட்டோ குப்பையாப் போயிடும். நான் மூட் போர்ட் அனுப்பினனான், நீங்கள் பாக்கேல்லையா?”

மூட் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதற்கு போர்ட் தேவைப்பட்டதில்லை. ஆனாலும் பார்த்தேன். பார்த்துவிட்டு, “நல்லாக் கிடக்கு பிள்ளை” என்று பதிலும் போட்டேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டொரொன்டோவும் லண்டனும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது நான் மட்டும் பட்டிக்காடாக இருக்க முடியுமா?

அந்த மூட் போர்டின்படி செவ்வந்தி கூடாது. சிவப்பு ரோசா கூடவே கூடாது. நிறைகுடத்துக்குப் பித்தளைக் குடம் கண்ணைக் குத்தும், ஆகவே வெள்ளைப் பீங்கான் சாடி. படலையில் வாழை கட்டலாம், ஆனால் குலை மஞ்சளாகப் பழுத்துத் தொலைத்தால் என்ன செய்வது? ஆகவே வாழையே வேண்டாம். நுவரெலியாவில் இருந்து குளிரூட்டிய வான் வண்டியில் வெள்ளை ரோசாவும் பெயர் வாயில் நுழையாத வெள்ளைப் பொட்டுப் பூக்களும் வந்து இறங்கின. கதிரைக்குப் பூ. காருக்குப் பூ. கை கழுவுகிற பைப்புக்கும் பூ. வளவில் நாய் கட்டியிருந்த மரக் கப்புக்கட்டைக்குக்கூட ஒரு சின்னக் கொத்து.

இன்னொன்றும் இருந்தது. மாப்பிள்ளை அழைக்க எங்கள் ஆட்கள் தட்டங்களோடு காங்கேசன்துறைக்குப் போய், மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும் அல்லவா? அதையும் ஆரணி வெட்டிவிட்டாள். “டைம் வேஸ்ட் மாமி. லொக்கேஷன் அனுப்பினால் வருவினம். அவை என்ன குழந்தையளே?” என்றாள். நியாயம்தானே என்று அதற்கும் தலையாட்டினேன்.

இந்த வெள்ளைக் கூத்துக்கெல்லாம் பொறுப்பு குருநகர் அன்ரன். இருபது வருடமாகத் தேவாலயங்களுக்குப் பூ அடுக்குகிறவர். கிறிஸ்தவர்களுக்கு வெள்ளை என்றால் கல்யாணம். ஆனால் அன்ரன் விஷயம் தெரிந்தவர்.

“அக்கா, எங்கடை ஆக்களுக்கு உது சரி. உரும்பிராயிலை வெள்ளை கட்டினால் சனம் என்ன நினைக்கும் எண்டு எனக்குத் தெரியாதே? நான் தங்கச்சியிட்டைச் சொன்னனான்.”

“அவள் என்ன சொன்னவள்?”

“இது வெள்ளை இல்லையாம். ஐவரியாம்.”

சரி. இனி இந்திரா.

இந்திரா ஆரணியின் தாய், என் தம்பியின் மனைவி, எனக்கு மச்சாள். ஒரு காலத்தில் இந்திரா சிரித்தால் அடுத்த ஒழுங்கைக்குக் கேட்கும். படலைக்குள் கால் வைக்க முதலே “வாங்கோ, வாங்கோ” என்று அந்தக் குரல் உங்களை வந்து பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருத்திவிடும். தம்பி மாரடைப்பில் போய் ஆறு வருடம். அன்றைக்கு அடங்கிய குரல். கிணற்றடியில் அவள் நட்ட மல்லிகைப் பந்தல் இப்போதும் பூத்துக் கொட்டுகிறது. விடிய எழும்பிப் பிடுங்குவாள், கட்டுவாள், கோயிலுக்குக் கொடுப்பாள், அயலுக்குக் கொடுப்பாள், எனக்கும் பொலித்தீன் பையில் கொடுத்து அனுப்புவாள். நான் வைத்துக்கொள்வேன்.

கல்யாணத்தில் தாரை வார்த்துக் கொடுக்கப்போவது நானும் என் வீட்டுக்காரரும். இந்திரா தாலி கட்டி முடியும்வரை பின் அறையில் இருப்பாள். யார் இதை முடிவெடுத்தது? யாருமில்லை. எங்கள் குடும்பத்தில் இப்படியான விஷயங்களை யாரும் முடிவெடுப்பதில்லை. எல்லோருமாகப் பேசாமல் விட்டுவிடுவோம், அது தானாக முடிவாகிவிடும். “சம்பந்தி பகுதி என்ன நினைக்குமோ” என்று யாரோ ஒருத்தி இழுத்தாள். சம்பந்தி பகுதியைக் கேட்டோமா? கேட்கவில்லை. அவர்கள் இந்த வீட்டுக்கு ஒருநாளும் வந்ததுமில்லை. கல்யாணப் பேச்சுக்கால் முழுக்கப் போனிலும், நல்லூரில் ஒரு மண்டபத்திலும்தான் நடந்தது.

ஆரணிக்கு அம்மா பின் அறையில் இருப்பது அம்மாவின் விருப்பம். அப்படித்தான் இந்திரா மகளிடம் சொல்லியிருந்தாள். என்னிடமும் சொன்னாள், “நான் அறைக்குள்ளை இருந்து பாக்கிறன் மச்சாள். யன்னலாலை மணவறை வடிவாத் தெரியும்.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொல்லவில்லை. “அதுவும் நல்லதுதான்” என்றேன். முன்னுக்கு நிற்பதற்கென்று ஐவரி நிறத்தில், கைப்பெருவிரல் தடிப்பில் கரை வைத்த பட்டுச் சேலை எடுத்து வைத்திருந்தவள் வேறு என்ன சொல்வாள்?

நான் வந்த அன்றைக்குப் பின்னேரம் இந்திரா என்னைத் தேடிக்கொண்டு வந்தாள்.

“மச்சாள், ஒரு சின்ன விஷயம். அந்தப் பூத்தூண் ஒண்டு சரியா அறை யன்னலுக்கு முன்னாலை நிக்குது. கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுவியளே? தாலி கட்டேக்கை மறைக்கும் போலை கிடக்கு.”

அவள் அந்தக் கல்யாணத்தில் கேட்டது அது ஒன்றுதான். ஒரு தூண், ஒரு முழம் அந்தப் பக்கம்.

போய் ஆரணியைக் கேட்டேன். “மாமி, இந்தப் பக்கம் நாலு தூண், அந்தப் பக்கம் நாலு தூண். ஒண்டைத் தள்ளினால் சிமெட்ரி போயிடும்” என்றாள். சிமெட்ரி போய்விட்டால் பிறகு என்ன கல்யாணம்? ஏன் தள்ளச் சொல்கிறேன் என்று அவளுக்குச் சொன்னேனா? அதுவும் இல்லை. கல்யாணப் பெண்ணை எதற்குக் குழப்ப வேண்டும் என்று திரும்பி வந்துவிட்டேன். இந்திராவிடம், “பாப்பம்” என்றேன். “பாப்பம்” என்றால் இல்லை என்று அர்த்தம். இந்திராவுக்கும் தெரியும்.

அந்தப் பந்தலில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வாசலில் ஒரு மேசை. ஆரணி அதை “மெமரி டேபிள்” என்றாள். அதில் என் தம்பியின் பெரிய படம், சுற்றிவர நுவரெலியா ரோசா, முன்னால் கண்ணாடிக்குள் மெழுகுதிரி. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பெற்ற தகப்பனை நினைக்கிற பிள்ளை. நல்ல விஷயம்தான். வீட்டுக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு இவரைத் தெரியும். தெரியாதவர்களுக்கு: குறைவாகப் பேசுவார், பேசினால் எனக்கு எதிராகப் பேசுவார்.

“செத்தவனுக்கு முன் வாசலிலை மேசை. உயிரோடை இருக்கிறவளுக்குப் பின் அறையிலை கதிரை. நல்ல தீம்தான்” என்றார்.

எனக்குச் சுட்டது. “நல்ல நாளும் அதுவுமா ஏதாவது சொல்லாட்டில் உங்களுக்குச் சமிக்காது” என்று சொல்லிவிட்டு அப்பால் போய்விட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் புத்தூர் பொன்னுத்துரை அண்ணை வந்தார்.

தம்பியோடு கூடித் தோட்டம் செய்தவர். பிரதான வீதியால் போனவர் வெள்ளையைக் கண்டு திரும்பியிருக்கிறார். சைக்கிளை ஒழுங்கை முகப்பிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டார். பேசாமல் என் வீட்டுக்காரரின் இரண்டு கைகளையும் பிடித்தார். பிடித்தபடியே ஒரு நிமிடம் நின்றார். பிறகு ஒரு கதிரையின் விளிம்பில் இருந்தார். மெமரி டேபிளைப் பார்த்தார். குழம்பிப்போனார்.

“இவன் போய் ஆறு வருசமெல்லோ...” என்று தனக்குள் சொன்னார். பிறகு மெதுவாக, “எத்தினை மணிக்கு எடுக்கிறியள்?” என்று கேட்டார்.

“நாளைக்குப் பத்தரைக்கு முகூர்த்தம்” என்றார் வீட்டுக்காரர்.

“முகூர்த்தம் பாத்தே எடுக்கிறியள்?”

உண்மை விளங்கியதும் மனிதர் எழும்பி நின்றே விட்டார். அவரைக் கலங்கடித்தது வெள்ளைத் துணி மட்டுமல்ல. ஒழுங்கை முகப்பில் ஆரணியும் மாப்பிள்ளையும் தூரத்தில் எதையோ சோகமாகப் பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு கறுப்பு வெள்ளைப் படம், ஆளுயரத்தில், வெள்ளைப் பூச் சட்டத்துக்குள். கீழே தங்க எழுத்தில் சுழித்துச் சுழித்து இங்கிலீஷில் பெயர்கள். “சோடியாச் செத்துப்போட்டுதுகளாக்கும் எண்டு நினைச்சுப்போட்டன் பிள்ளை. எனக்கு நெஞ்சு பகீரெண்டுது” என்றார்.

எனக்கும் பகீரென்றது. நான் உடனே அன்ரனைக் கூப்பிட்டு அந்தப் படத்தைக் கழற்றி உள்ளுக்குப் போடச் சொன்னேன். துணியைக் கழற்ற ஆரணி சம்மதிக்க மாட்டாள், படத்தையாவது கழற்றுவோம் என்று ஒரு கெட்டித்தனம். அது கல்யாண வீடு என்று சொல்ல அந்த ஒழுங்கையில் இருந்த ஒரேயொரு சாட்சி அந்தப் படம்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலை. பத்தரைக்கு முகூர்த்தம், ஒன்பதரைக்கு மாப்பிள்ளை பகுதி வந்திருக்க வேண்டும். பத்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கிறது. ஐயர் இரண்டு தரம் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டார். நான் வரவேற்புத் தட்டத்தை ஏந்திக்கொண்டு, சேலைக் கரை தெரிகிற மாதிரி பந்தல் வாசலில் நின்றேன். போன் அடித்தது. மாப்பிள்ளையின் தாய்.

“நாங்கள் சந்தியிலை நிக்கிறம். லொக்கேஷன் உங்கடை ஒழுங்கையைத்தான் காட்டுது. ஆனா ஒழுங்கையிலை செத்த வீடு ஒண்டு போலை கிடக்கு. மாப்பிள்ளையை அதைத் தாண்டிக் கொண்டுவரேலாது எண்டு வான்காரப் பெடியன் ஒரே பிடியாய் நிக்கிறான். வேறை பாதை இருக்கோ?”

“வேறை பாதை இல்லை. பின்னாலை வெங்காயத் தோட்டம்.”

“அப்ப அவை எடுத்தாப் பிறகு வரட்டோ? எத்தினை மணிக்கு எடுக்கினமாம்?”

“அது செத்த வீடு இல்லை. அது... நாங்கள்தான்.”

அந்தப் பக்கம் வான் கதவு திறபடுகிற சத்தம் கேட்டது.

“உங்கடை வீட்டிலையோ? ஆர்?”

“ஒருத்தருமில்லை. அது டெக்கரேஷன்.”

வெளியில் சொன்னபோதுதான் அந்த வார்த்தை எவ்வளவு நம்பமுடியாதது என்று எனக்கே தெரிந்தது. அவரும் நம்பவில்லை. குரல் இறங்கியது.

“நீங்கள் ஒருக்கா பிள்ளையின்ரை அம்மாட்டைப் போனைக் குடுங்கோ.”

“அவ பின் அறையிலை.”

“பரவாயில்லை. கூப்பிடுங்கோ.”

“இல்லை... தாலி கட்டி முடியுமட்டும் அவ வெளியாலை வரமாட்டா.”

நான் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. மறுபக்கத்தில் ஒரு விம்மல் கேட்டது. பிறகு, போனில் இல்லை, யாருக்கோ சொல்கிறார், எனக்கும் கேட்கிறது: “அம்மாதான் செத்துப்போட்டா போலை. பாவம், கல்யாணம் குழம்பக்கூடாது எண்டு அறைக்குள்ளை வைச்சு மறைக்கினம்.” போன் கட்டாகிவிட்டது.

என்ன செய்வீர்கள் நீங்கள்? நான் ஓடினேன். அத்தனை கிலோ பட்டுச் சேலையோடும், கையில் சந்தனம், குங்குமம், மல்லிகைச் சரம் வைத்த தட்டத்தோடும் ஒழுங்கை நீளத்துக்கு ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் ஓடுகிறவளின் முகம் எப்படி இருக்கும்? வேர்வையும் மையும் கலந்து வழிகிறது. மூச்சு வாங்குகிறது. வெயிலில் கண் கரிக்கிறது. சந்தியில் மூன்று வான்கள். மாப்பிள்ளை தலைப்பாகையோடு உள்ளே இருக்கிறார். தாய் இறங்கி நிற்கிறார். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிப்பிடித்து, “உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்...” என்று அழத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பேச மூச்சு வரவில்லை. இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினேன். தலையாட்ட ஆட்ட அவர் இன்னும் பெரிசாக அழுதார். பின்னால் ஆற அமர நடந்து வந்த வீட்டுக்காரர் நிலைமையைப் பார்த்தார்.

“உம்மடை முகத்தைப் பாத்தால் அவை இன்னும் உறுதியாத்தான் நம்புவினம்” என்று சொல்லிவிட்டு, திரும்பி வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் நடந்ததை அன்ரன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேரே பின் அறைக் கதவைத் திறந்தாராம். இந்திரா யன்னலடியில் கதிரையைப் போட்டு, தூணுக்கு ஒரு பக்கமாகத் தலையைச் சரித்துப் பார்த்துக்கொண்டு இருந்தாளாம்.

“பிள்ளை இந்திரா, நீர் செத்துப்போனீர் எண்டு சம்பந்தி பகுதி சந்தியிலை நிண்டு அழுகினம். ஒருக்கா வந்து முகத்தைக் காட்டும்.”

“ஆர், நானோ?”

“ஓம். நீர்தான்.”

நான் சந்தியில் நின்றபடி முதலில் கேட்டது காலடியை அல்ல. சிரிப்பை. ஒழுங்கைக்குள் இருந்து, வெள்ளைத் துணிகளுக்கு நடுவால் அந்தச் சிரிப்பு வருகிறது. பிறகு ஆள். செருப்பில்லை. சாம்பல் நிறச் சேலை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தபடி வருகிறாள். ஆறு வருடத்துக்குப் பிறகு எனக்கு அந்தச் சத்தம் கேட்கிறது. எனக்கு அழுகை வந்தது, இந்தத் தடவை உண்மையான அழுகை.

“வாங்கோ, வாங்கோ. எல்லாரும் வாங்கோ. சம்பந்தி, வாங்கோ. உந்த வெயிலுக்கை ஏன் நிக்கிறியள்? நான் சாகேல்லை, வாங்கோ.”

எங்கள் ஊரில் செத்த வீட்டில் யாரும் யாரையும் “வாங்கோ” என்று கூப்பிடுவதில்லை. போகிறவர் சொல்லிக்கொண்டும் போவதில்லை. அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. வான்காரப் பெடியன் பேசாமல் ஏறி வானை ஸ்டார்ட் பண்ணினான்.

மாப்பிள்ளையின் தாய் இந்திராவின் கன்னம் இரண்டையும் தொட்டுப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த தட்டத்தில் இருந்து மல்லிகைச் சரத்தை எடுத்தார். விருந்தாளிக்கென்று வைத்த பூவை அவர் தன் தலையில் வைக்கவில்லை, இந்திராவின் கொண்டைக்குக் கொண்டுபோனார். இந்திராவின் கை தடுக்க எழும்பியது.

“நான் இவ்வளவு நேரமும் உங்களுக்காக அழுதனான்” என்றார் அந்த மனுசி. “இனி உதொண்டும் எனக்குச் சொல்லாதேங்கோ.”

இவரைத்தான் நாங்கள் “சம்பந்தி பகுதி என்ன நினைக்குமோ” என்று சொல்லிச் சொல்லிப் பயந்தோம். அந்தப் பூ அன்றைக்கு விடிய இந்திராவே பிடுங்கிக் கட்டியது. அவளுடைய கிணற்றடி மல்லிகை.

இந்திரா முன்னுக்கு நடந்தாள். மாப்பிள்ளை பகுதி அவளுக்குப் பின்னால். நான் எல்லோருக்கும் பின்னால், தட்டத்தோடு.

நேரம் போகிறதென்று ஐயர் முதலே மணவறையில் இருத்திவிட்ட ஆரணி தாயைக் கண்டாள். தலையில் பூவைக் கண்டாள். எழும்பிவிட்டாள், ஐயர் இருக்கச் சொன்னதையும் கேட்கவில்லை.

“நீங்கள் அறைக்குள்ளை இருந்துதானே பாக்கப்போறன் எண்டு சொன்னனீங்கள்?”

“ஓம் பிள்ளை. யன்னலாலை தெரியும் எண்டுதான்...”

ஆரணி யன்னலைப் பார்த்தாள். யன்னலை மறைத்துக்கொண்டு, நுவரெலியா ரோசாக்களோடு, நேர் நேராக நிற்கிற தூணைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சேலை மடிப்பைச் சரிசெய்தேன்.

“அன்ரன் அண்ணை, உந்தத் தூணை எடுங்கோ” என்றாள். மேக்கப் கரைந்து வழிந்தது. “எல்லாத் தூணையும் எடுங்கோ.”

“தங்கச்சி, சிமெட்ரி?” என்றார் அன்ரன்.

“எடுங்கோ அண்ணை.”

நேரமாகிவிட்டதால் ஒரு தூணைத்தான் எடுக்க முடிந்தது. அந்த இடத்தில் ஒரு கதிரையைப் போட்டு ஆரணி தாயை இருத்தினாள். இந்தப் பக்கம் மூன்று தூணும் ஒரு இந்திராவும், அந்தப் பக்கம் நாலு தூண். தாரை வார்க்கும்போது எங்கள் கைகளோடு இந்திராவின் கையையும் பிடித்து வைத்தது யார் என்று பிறகு பலர் கேட்டார்கள். மாப்பிள்ளையின் தாயாக இருக்கலாம், ஆரணியாக இருக்கலாம். நான் என்று சொல்ல ஆசைதான். ஆனால் நானில்லை. ஐயரும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது.

பந்தியில் பொன்னுத்துரை அண்ணை இரண்டாம் தரம் பாயாசம் வாங்கிக் குடித்துவிட்டு, “செத்த வீட்டுக்கு வந்து வடை பாயாசத்தோடை சாப்பிட்டவன் இந்தக் குடாநாட்டிலை நான் ஒருத்தன்தான்” என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

படங்கள் போன கிழமை வந்தன. வெள்ளைத் துணி, வெள்ளைப் பூ, ஐவரிச் சேலைகள் எல்லாம் மூட் போர்டில் இருந்தபடியே விழுந்திருக்கின்றன. நடுவில் ஒரு சாம்பல் சேலைக்காரி வாய் கொள்ளாமல் சிரிக்கிறாள். அந்தச் சாம்பல் நிறத்தை ஐவரியாக மாற்றித் தரலாம் என்று ஃபோட்டோக்காரர் சொன்னாராம். தொட்டால் நடக்கிறதே வேறை என்றாளாம் ஆரணி. என்னுடைய சேலை? ஒரு படத்தின் ஓரத்தில் அரை முந்தானை தெரிகிறது.

மாப்பிள்ளையின் தாய் நேற்று என்னோடு போனில் கதைத்தார். இன்னும் வெட்கமாக இருக்கிறதாம். “உயிரோடை இருக்கிற மனுசியைச் செத்துப்போனா எண்டு நினைச்சுப்போட்டமே அக்கா. பெரிய பிழையெல்லோ?” என்றார்.

“பரவாயில்லை” என்றேன். வேறென்ன சொல்ல? அவர்கள் அப்படி நினைத்தது பத்து நிமிடம். நாங்கள் ஆறு வருடமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். வெள்ளை கட்டாததுதான் குறை.